கிரீடம் இல்லாத பறவை

1995ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். இத்தாலியின் பலேர்மோவில் மழை. மழை என்று சொல்வதும் முழுச் சரியல்ல. சிரோக்கோ காற்று கடலுக்கு அப்பாலிருந்து பாலைவனத்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்து தூறலோடு சேர்த்துக் கொட்டும் நாட்களில் அது ஒன்று. என் வெள்ளைச் சட்டையின் இடது தோளில் மட்டும் பதினேழு செம்புள்ளிகள். இதை இனி எப்படித் துவைப்பது என்று புறுபுறுத்தபடி கபோ சந்தையில் ஒரு மரக்கறிக் கடையின் சீலைக்குக் கீழே ஒதுங்கி நின்றேன்.

அங்கேதான் மன்னார் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்தார். தேவாலயத்துப் பூசைக்கும் எங்கள் வீட்டுத் தேநீருக்கும் தவறாத மனிதர். சட்டைக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்து, நனையாமல் கையால் மறைத்துக்கொண்டு தந்தார். மொஸ்கோ வழியாக வந்த ஒரு பொடியன் ரோமில் கொடுத்துவிட்டது என்றார்.

நான் அதை உடனே பிரிக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

என் ஒரே மகன் 1986இல் புலமைப்பரிசில் பெற்று மொஸ்கோவுக்குப் பொறியியல் படிக்கப் போனவன். நாங்கள் இருவரும், அதாவது நானும் மனைவியும், வீடு ஷெல்லடியில் போன பிறகு 1989இல் உறவினர் ஒருவரின் உதவியோடு பலேர்மோவுக்கு வந்தோம். அவள் கால்சாவில் ஒரு முதிய சின்யோராவுக்குச் சமைத்தாள். நான் பொலிதேயாமாவில் ஒரு கட்டடத்தின் வாயிற்காவலன். மகனிடமிருந்து மாதம் ஒரு கடிதமாவது வரும். இங்கே வந்த பிறகு மொத்தம் எழுபத்து மூன்று. அவன் இருந்த நாட்டில் அரசு உடைந்தது, உதவிப்பணம் நின்றது, படிப்பு முடிந்தும் எங்கும் போக வழியில்லாமல் இருந்தான். 1994 ஜனவரியில் வந்த கடிதம்தான் கடைசி. பிறகு பதினான்கு மாதம் ஒன்றுமில்லை. இதற்கிடையில் நாங்கள் வீடு மாறினோம், புது முகவரி எழுதி நான் போட்ட கடிதமும் திரும்பி வந்தது.

அவன் கடிதங்களில் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் அதிகம் எழுதமாட்டான். நான் எதையும் எண்ணுகிறவன் என்று தெரிந்து எனக்கு எண்ணுவதற்கு ஏதாவது அனுப்புவான். "அப்பா, இஞ்சத்தைய அரசாங்கச் சின்னத்திலை கோதுமைக் கதிரைச் சுத்தி ஒரு சிவப்பு நாடா இருக்கு. எத்தினை சுத்து எண்டு நீங்கள் எண்ணுவியள். நானே சொல்லுறன், பதினைஞ்சு. பதினைஞ்சு குடியரசுக்கும் ஒவ்வொண்டு." தாய்க்குக் கரடிக் கதைகள். அந்த நாட்டில் கரடி ஒரு மிருகம் மட்டுமல்ல, வீட்டுப் பெரியவர் மாதிரி. முற்காலத்தில் காட்டுச் சனம் பயத்தால் அதன் உண்மைப் பெயரைச் சொல்லாமல் தேன் தின்னி என்றே சொல்லிச் சொல்லி, உண்மைப் பெயரே மறந்துபோயிற்றாம். ஒருமுறை சட்டையில் குத்தும் பட்ஜ் ஒன்று அனுப்பினான். பழைய ஒலிம்பிக் கரடி, இடுப்புப் பட்டியில் ஐந்து வளையம். "இரண்டு வாங்கினனான். ஒண்டு அம்மாவுக்கு, ஒண்டு என்ரை சட்டையிலை" என்று எழுதியிருந்தான். மனைவி அதைக் குசினி அலுமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருந்தாள்.

கடைசிக் கடிதத்தில்தான் பறவை வந்தது. அரிவாளும் சம்மட்டியும் போய், பழைய அரசர் காலத்துக் கழுகு திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருந்தான். இரண்டு தலை. "ஒரு தலை உங்களைப் பாக்குது, மற்றது யாழ்ப்பாணத்தைப் பாக்குது. உடம்பு மட்டும் இஞ்சை." அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

அந்தப் பதினான்கு மாதத்தில் எங்களை இரண்டு பேர் ஏமாற்றினார்கள். இரண்டாவது ஆள் கொண்டுவந்தது ஒரு ரஷ்யத் தாள். மகன் சிறையில் இருக்கிறான், பணம் அனுப்பினால் விடுவிப்பார்கள் என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னான். தாளின் தலைப்பில் பழைய சின்னம் அச்சிட்டிருந்தது. நான் பூதக்கண்ணாடி வைத்து நாடாவை எண்ணினேன். பதின்மூன்று சுற்று. அவனை வாசலோடு அனுப்பினேன். ஆனால் அதற்கு முன்பே மனைவி மகன் கிடைத்துவிட்டான் என்று நம்பிவிட்டாள். பிறகு இல்லை என்று தெரிந்து, இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

எண்ணுவது எனக்குப் பொழுதுபோக்கல்ல, தொழில். முப்பத்தொரு வருடம் காணிப் பதிவகத்தில் இருந்தேன். உறுதிகளில் வரும் முத்திரையைப் பார்த்து அசலா போலியா என்று சொல்வதுதான் என் மேசைக்கு வரும் வேலை. சிங்கத்தின் வாள், அதைச் சுற்றியுள்ள இதழ்கள், எல்லாம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். எங்கள் நாட்டில் சில்லறைக் காசிலும் அதே சின்னம், காணி உறுதியிலும் அதே சின்னம். சந்தேகம் வந்தால் சட்டைப்பையிலுள்ள காசை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் அப்படிச் செய்து பிடித்த போலிகள் ஒன்பது.

இனி சந்தைக்கு வருகிறேன்.

உறைக்குள் ஒரே ஒரு தாள். தட்டச்சு செய்த ரஷ்ய எழுத்து, மேல்பாதி நிரப்பியது, கீழ்ப்பாதி வெறுமை. அடியில் நீல மையில் வட்டமான முத்திரை. இரண்டு தலைக் கழுகு. அதன் நெஞ்சில் ஒரு குதிரை வீரன் எதையோ குத்துகிறான். நண்பர் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார்.

"அண்ணை, இது எங்கட ஜோர்ஜியார் எல்லோ. பாம்பைக் குத்துறார் பாருங்கோ. இது பொய்யாய் இராது."

ஜோர்ஜியார் கையெழுத்துப் போட்டால் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வதிவிட அனுமதி தருவார்களா என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்துச் சந்தையின் மேற்கு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அந்த நாட்களில் பலேர்மோச் சந்தைகளில் ரஷ்யப் பொருட்கள் விற்கிறவர்கள் வந்திருந்தார்கள். மேற்கு வாசலில் சனிக்கிழமைகளில் ஒரு பெண் மடக்கு மேசை போட்டிருப்பாள். ஐம்பது வயதிருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மரப் பொம்மைகள், கைக்கடிகாரங்கள், இரட்டைக்கண் தொலைநோக்கி, பட்ஜ்கள், ஒரு தேநீர்த் தட்டில் காசுகள். மழைக்காக மேசைக்கு மேல் பொலித்தீன் விரித்திருந்தாள். நண்பர் அவளிடம் தாளை வாசித்துச் சொல்லக் கேட்டார். அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

அவளுடைய இத்தாலியன் என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆனால் அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். மொஸ்கோவிலிருந்து சில மணி நேரத் தூரத்தில் ஒரு சிற்றூர். நெஞ்சு வருத்தக்காரருக்கான ஆஸ்பத்திரி. கடவுச்சீட்டு இல்லாத இன்ன பெயருடைய வெளிநாட்டவர் இங்கே படுத்திருக்கிறார். தந்தை இத்தாலியில் இருப்பதாகச் சொல்கிறார். தந்தை கீழ்ப்பாதியை நிரப்பிக் கையெழுத்திட்டு, தன் வதிவிட அனுமதியின் பிரதியோடு ஆறு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி அவருடைய நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார். தாளின் திகதி பெப்ரவரி 9.

அந்த வருடத்தில் ஒரு தமிழ் இளைஞனைத் தாள் ஒன்றுமில்லாமல் கொழும்பில் கொண்டுபோய் இறக்கினால் என்னவாகும் என்பதை நான் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறகு அவள் நோயாளியின் உடைமைகளை வாசித்தாள். மேற்சட்டை ஒன்று, சப்பாத்து ஒரு சோடி, புத்தகம் இரண்டு, கரடி பட்ஜ் ஒன்று.

அந்த இடத்தில் நம்பிவிட்டேன். ஒரு நிமிடம் முழுதாக நம்பினேன். அழுதுவிடுவேனோ என்று பயந்து முகத்தைக் குனிந்தபோது தேநீர்த் தட்டில் கிடந்த காசு கண்ணில் பட்டது. ஐம்பது ரூபிள். அதிலும் இரண்டு தலைக் கழுகு.

கை தானாகவே சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தது. தாளின் கழுகுக்கு இரண்டு தலையிலும் இரண்டு கிரீடம், அவற்றுக்கு மேலே பெரிதாக ஒன்று. மொத்தம் மூன்று. நெஞ்சில் குதிரை வீரன். கால்களில் கோலும் உருண்டையும். காசின் கழுகுக்குக் கிரீடம் இல்லை. வீரன் இல்லை. கோல் இல்லை. செட்டை தொங்கிக் கிடந்தது. மூன்றுக்குப் பூச்சியம்.

நான் இரண்டையும் அருகருகே வைத்து அவளிடம் காட்டினேன். அவள் சிரித்தாள். காசு வங்கியுடையது, முத்திரை அரசுடையது, இரண்டும் வேறு வேறு பறவை என்று சொன்னாள். ஒரு நாட்டுக்கு இரண்டு சின்னமா என்று கேட்டேன். இப்போது எங்கள் நாட்டில் எல்லாமே அப்படித்தான் என்றாள்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. பதிவகத்தில் என் மேசைக்கு முன்னால் நின்ற ஒன்பது பேரும் அப்படித்தான் சிரித்தார்கள். இந்த மேசையிலேயே கரடி பட்ஜ் பதினான்கு கிடக்கிறது. ரஷ்யா என்றால் கரடி என்று எந்த ஏமாற்றுக்காரனுக்கும் தெரியும். அவர்கள் கேட்பது பணம் அல்ல, என் வதிவிட அனுமதியின் பிரதி. அதை வைத்து யாராவது நுழைந்தால் எங்கள் இருவரையும் கப்பலேற்றிவிடுவார்கள். இவளும் அவர்களுடைய ஆளாக இருந்தால்? இவ்வளவும் எனக்குள் ஓட எவ்வளவு நேரம் எடுத்தது என்று நினைக்கிறீர்கள்? அவள் தாளை மடித்துத் தருவதற்குள் முடிந்துவிட்டது.

போலி என்று அவள் முகத்துக்கு நேரே இத்தாலியனில் சொன்னேன். தாளையா அவளையா சொன்னேன் என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. அவளுடைய சிரிப்பு நின்றது. அத்தாட்சிக்காக அந்தக் காசை ஆயிரம் லீரா கொடுத்து வாங்கினேன். அவள் பணத்தைப் பாராமலே தட்டில் போட்டாள்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். மூன்று கிரீடம், பூச்சியம் கிரீடம். அவள் பூதக்கண்ணாடியைத் தொடவே இல்லை. தாளில் கரடி என்று எழுதியிருக்கும் இடம் எது என்று மட்டும் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும், ஏதோ ஒரு வரி என்றேன். அவள் அலுமாரிக்குப் போய்ப் பட்ஜைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்சருங்கோ, இரண்டு வாங்கினவன் எண்டு எங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"

"அது அம்பிடுற எல்லாச் சந்தையிலையும் கிடக்குது."

"ஒரு கடிதம் போட்டால் என்ன குறையும்?"

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினான்கு நாளை நினைத்துக்கொண்டு நான் சத்தம் போட்டேன். இன்னொரு தடவை அவளை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். தாளை நான் கிழிக்கவில்லை. எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகப் பழக்கம். சிவப்புப் பென்சிலால் மேல்மூலையில் "போலி" என்று எழுதி, திகதியிட்டு, சின்னக் கையெழுத்து வைத்து, பெட்டிக்குள் போட்டேன். முப்பத்தொரு வருடம் செய்த மாதிரியே.

அதன் பிறகு மேற்கு வாசலால் சந்தைக்குப் போவதை விட்டேன். கிழக்கு வாசலால் போனால் நூற்று நாற்பத்திரண்டு அடி கூட. முழங்கால் வலித்தாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதைவிட அது மேல் என்று இருந்தது. மன்னார் நண்பர் ஏப்ரலில் வடக்கே வேலை கிடைத்துப் போய்விட்டார். என்னை மறுத்துக் கதைக்க ஒருவரும் இல்லை.

மனைவியும் மறுக்கவில்லை. ஆனால் மகனுடைய பெயரை அவள் சொல்வது நின்றுவிட்டது. கீரை கடையும்போது, "கரடிக்கு உது விருப்பம்" என்பாள். ஜூன் மாதம் வெயில் தொடங்கியபோது, "கரடிக்கு இப்பதான் அங்கை கொஞ்சம் வெக்கை வந்திருக்கும்" என்றாள். யாரோடு கதைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனத்தோடு சாந்தா ரொசாலியா அம்மாளின் கோயிலுக்கு மலை ஏறுவாள். முன்பு செருப்போடு போனவள் இப்போது வெறுங்காலோடு. பதினொரு ஞாயிறு எண்ணினேன். என்ன நேர்த்தி என்று கேட்டால் காலுக்கு என்றாள்.

எனக்கும் நிம்மதி இல்லை. பலேர்மோ நகரத்தின் சின்னமும் கழுகுதான், ஒரு தலை. பேருந்தில், மாநகரசபைக் கடிதத்தில், சாக்கடை மூடியில் எல்லாம் கழுகு. வேலைக்குப் போகும் வழியில் பதினொன்று. ஒவ்வொன்றையும் கடக்கும்போது மற்றத் தலை எங்கே என்று மனம் கேட்கும். சட்டைப்பையில் கிடக்கும் ஐம்பது ரூபிளைத் தொட்டுக்கொள்வேன். அது என்னிடம் இருக்கும்வரை நான் செய்தது சரி.

ஓகஸ்ட் 9ஆம் திகதி இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மனைவி கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இண்டைக்கு ஒன்பதாந் திகதி எல்லோ?"

"ஓம்."

அவ்வளவுதான். அவள் சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவினாள். ஆறு மாதத் தவணை முடியும் அந்தத் திகதியை அவள் மனத்தில் வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஓகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. கடைகள் பாதி பூட்டு, தெருவில் ஆளில்லை, முப்பத்தெட்டுப் பாகை வெயில். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்று இருந்தது. மதியம் ஒரு மணிக்கு ஒரு ரஷ்ய மாலுமி அதிகாரி வந்தார். அலுவலகம் நாலு மணிக்குத்தான் திறக்கும் என்று சொல்லி, என் அறை வாங்கிலில் இருக்கச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தாள்களை மடியில் வைத்து விசிறிக்கொண்டார்.

விசிறிய தாளில் நீல முத்திரை.

நான் எழுந்து பக்கத்தில் போனேன். இரண்டு தலை. கிரீடம் ஒன்று, இரண்டு, மூன்று. நெஞ்சில் குதிரை வீரன். என் பெட்டிக்குள் கிடக்கும் அதே பறவை, ஒரு இறகு பிசகாமல்.

சட்டைப்பைக்குள் கையை விட்டேன். காசை எடுத்து நீட்டினேன். அவர் ஆச்சரியத்தோடு வாங்கிப் பார்த்துவிட்டு, தன் காற்சட்டைப்பையைக் கவிழ்த்தார். அதே மாதிரி ஏழு காசு, கிரீடமில்லாத பறவைகள். பிறகு தன் கடவுச்சீட்டையும் எடுத்துக் காட்டிச் சிரித்தார். அதன் அட்டையில் அரிவாளும் சம்மட்டியும், கதிரைச் சுற்றிய நாடாவும். நாலு வருடத்துக்கு முன் இல்லாமல் போன நாட்டின் கடவுச்சீட்டு. மூன்றையும் வாங்கிலில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு, எனக்காக மெல்லச் சொன்னார். இது வங்கி. இது அரசு. இது பழையது. எல்லாம் அசல்.

அந்தப் பெண் சொன்ன அதே சொற்கள்.

மறுநாள் சனிக்கிழமை, ஓகஸ்ட் 19. விடிந்ததும் மேற்கு வாசலில் போய் நின்றேன். இருபத்து நாலு சனிக்கிழமைக்குப் பிறகு. தவணை முடிந்து பத்து நாள். அவள் எட்டரைக்குத்தான் வந்தாள். என்னைக் கண்டதும் மேசையை விரிக்காமல் சாய்த்து வைத்துவிட்டு, தோளில் தொங்கிய பைக்குள் கையை விட்டாள். கடவுச்சீட்டு வைக்கும் உள்ளறையிலிருந்து ஒரு கடித உறை வந்தது. மூலைகள் தேய்ந்து பஞ்சாகியிருந்தன.

அன்று தாளை வாசிக்கும்போதே அவள் ஆஸ்பத்திரி முகவரியை மனத்தில் வைத்து, நான் போனதும் ஒரு பொருள் சுற்றும் தாளில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். தந்தை இங்கே இருக்கிறார், வயதானவர், இந்த ஊர் அலுவலகங்கள் மெதுவாகத்தான் நகரும், தயவுசெய்து பொறுத்திருங்கள் என்று. மே மாதம் பதில் வந்தது. இலையுதிர்காலம் வரை வைத்திருப்பதாக ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டிருந்தது. அதோடு உள்ளே இன்னொரு தாள். அதை அவள் பிரித்து என்னிடம் நீட்டினாள். அவளால் வாசிக்க முடியாத எழுத்து.

"அப்பா, அலுவல் சுணங்கும் எண்டு அந்த அம்மா எழுதினவ. அவசரமில்லை. ஆனால் உங்கட கையாலை ஒரு வரி எழுதுங்கோ. அம்மாவிட்டைக் கரடி இருக்கோ?"

மே மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைப் பையில் வைத்துக்கொண்டு அவள் அந்த வாசலில் நின்றிருக்கிறாள். நான் நூற்று நாற்பத்திரண்டு அடி சுற்றிப் போனேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இத்தாலியனில் சரியான சொல் வரவில்லை. கையைக் கூப்பினேன். ஏன் இதைச் செய்தாய் என்று கேட்டேன். தன் மகன் இராணுவத்தில் இருக்கிறான், ஜனவரிக்குப் பிறகு கடிதமில்லை என்றாள். அதற்கு மேல் சொல்லாமல் மேசையின் கால்களை நீட்டத் தொடங்கினாள். அன்றே நான் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். மகனுக்கு என்ன வயது, எங்கே அனுப்பினார்கள், அவளுக்கு யார் கடிதம் எழுதித் தருவார்கள். எனக்கு வீட்டுக்கு ஓடும் அவசரம். அந்த நவம்பரில் அவள் மேசையைக் காணவில்லை. வேறு நகரத்துக்குப் போனாள் என்று ஒருவர் சொன்னார், ஊருக்கே போனாள் என்று இன்னொருவர். அவள் மேசையில் எத்தனை பட்ஜ் இருந்தன என்று எனக்குத் தெரியும். அவள் பெயர் தெரியாது.

வீட்டில் மனைவியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டுக் கடைசி வரிக்கு மட்டும் பதில் சொன்னாள். "இருக்கு, ராசா. இருக்கு." என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெட்டியிலிருந்து தாளை எடுத்தேன். கீழ்ப்பாதியை நிரப்பி அதே தாளைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். மேல்மூலையில் சிவப்புப் பென்சில். ரப்பர் போட்டேன், பாணின் உட்பகுதியை உருட்டித் தேய்த்தேன், சவரக் கத்தியின் நுனியால் சுரண்டினேன். சிவப்புப் பென்சில் அழியாது. அழியக் கூடாது என்றுதான் பதிவகத்தில் அதைத் தருவார்கள். ஓர் இளஞ்சிவப்புத் தடம் இருந்தது. ரஷ்யருக்கு அது ஏதோ கறை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, அன்று பன்னிரண்டு மணிக்குத் தபாலகம் பூட்டுமுன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன்.

ஒக்ரோபரில் தொலைபேசியில் கதைத்தோம். தபாலகத்துக் கூண்டுக்குள் நானும் மனைவியும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். முதலில் அவள்தான் கதைத்தாள். அதிகமும் சாப்பாடு, மருந்து, குளிர்ச்சட்டை. அவனுடைய குரல் தடித்திருந்தது. தமிழ்ச் சொற்களுக்கு நடுவில் தேடுகிற மாதிரி இடைவெளி விட்டான். பிறகு அவள் என்னிடம் தந்துவிட்டு வெளியே போய் நின்றாள். குவெஸ்தூராவில் சரியான சுணக்கம், வரிசை, ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு மாதம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பெண் எனக்காகச் சொன்ன பொய்யை நான் இன்னும் நீட்டினேன்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"அப்பா, அந்தச் சிவப்பு எழுத்தை என்னட்டைத்தான் காட்டினவை. இது என்ன மொழி எண்டு கேட்டவை."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒண்டுமில்லை, எங்கட அப்பாவின்ரை கையெழுத்து எண்டு சொன்னனான்."

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். கழுகு, கிரீடம், காசு, பெட்டி. அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். முடிவில் அவன், தங்கள் வார்டுக்குக் காலை பத்து மணிக்குத் தபால் வரும் என்றான். ஜன்னலால் பார்த்தால் தபால்காரி வாசலில் காலணியின் பனியைத் தட்டுவது தெரியுமாம். பிறகு பனி கரைந்து, அவள் தட்டாமலே உள்ளே வரத் தொடங்கினாளாம். ஓகஸ்டுக்குப் பிறகு ஜன்னலுக்குப் போகவில்லை என்றான்.

"நானும் எண்ணினனான் அப்பா. உங்கட பிள்ளைதானே."

அவன் சுகமானான். அந்த ஆஸ்பத்திரி வைத்தியர் ஒருவரின் உதவியால் அங்கேயே இருக்க அனுமதி கிடைத்தது. அந்தச் சிற்றூரில் இயந்திரம் திருத்தும் வேலை செய்கிறான். 1998இல் எங்களிடம் வந்து பன்னிரண்டு நாள் நின்றான். மூன்று பேரும் மலைக்கு ஏறினோம். தாய் தன் பட்ஜைச் சேலையில் குத்தியிருந்தாள், அவன் தன்னுடையதைச் சட்டையில். வழியெல்லாம் எங்கள் சனம் பார்த்துச் சிரித்தது. நின்றுவிடு என்று பன்னிரண்டு நாளும் கேட்க நினைத்து, கடைசி நாள்தான் கேட்டேன். "அங்கை பழகிட்டன் அப்பா" என்றான். எப்போது பழகினாய் என்று நான் கேட்கவில்லை. ஓகஸ்டில் என்று அவன் சொல்லிவிட்டால்?

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. அந்த ஐம்பது ரூபிள் காசு என் மேசையில் கிடக்கிறது. ஒரு தலை ஜன்னலையும் மற்றது சுவரையும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறேன். மனைவி இன்னமும் கீரை கடையும்போது கரடியை நினைக்கிறாள். என் கணக்கில் நான் தாமதித்தது, தாள் கைக்கு வந்த நாளிலிருந்து அனுப்பிய நாள்வரை, நூற்று அறுபத்தெட்டு நாள். அவன் தாள் எழுதப்பட்ட பெப்ரவரி 9 முதல் என் கையெழுத்து அவனிடம் போய்ச் சேர்ந்த செப்டம்பர் 9 வரை எண்ணியிருந்தான். காத்திருந்தவன் எண்ணியதுதான் சரியான கணக்கு என்று ஒப்புக்கொள்ள எனக்கு இவ்வளவு வயது தேவைப்பட்டிருக்கிறது. ஆயிரம் லீராவுக்கு நான் வாங்கிய அந்தக் காசுக்கு, கடைசியில் நான் கொடுத்த விலை இருநூற்றுப் பன்னிரண்டு நாள்.